எந்த நாளின் கணக்கு? தரவுக் கிடங்கில் காலமும் நிகழ்வுகளும்

ஒரு ஜவுளிக்கடைக் குழுமம் தன் 2024 அக்டோபர் விற்பனையை 2023 அக்டோபருடன் ஒப்பிட்டுப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரம் உண்மையில் வளராவிட்டாலும் பெரிய ஏற்றம் தெரியக்கூடும். 2023-இல் தீபாவளி நவம்பர் 12 அன்று வந்தது. 2024-இல் அக்டோபர் 31 அன்றே வந்துவிட்டது. முந்தைய ஆண்டில் நவம்பர் முதல் பத்து நாளில் நடந்த புத்தாடை வியாபாரம் மறு ஆண்டில் முழுக்க அக்டோபருக்குள் விழுந்தது. 2025-இல் தீபாவளி இன்னும் முன்னேறி அக்டோபர் 20-க்கு வந்தபோது செப்டம்பர் கடைசியும் பண்டிகைக் கணக்கில் சேர்ந்தது. கணினி சரியாகத்தான் கூட்டுகிறது. ஆனால் எந்த நாள்களை எந்த நாள்களோடு ஒப்பிட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

தரவுக் கிடங்கு வடிவமைப்பில் தேதி டைமென்ஷன், ஃபேக்ட் டேபிள் என்ற இரண்டும் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். அதனாலேயே எளிய சங்கதி என்று பலரும் கடந்துபோகிறார்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு துறைகள் இரண்டு எண்களோடு கூட்டத்துக்கு வந்து வாதிடும்போது, காரணம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட காலங்கள் உண்டு. எந்த அட்டவணை எந்தக் காலத்தைப் பேசுகிறது என்பதை அட்டவணை கட்டும்போதே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். அறிக்கை தயாரிப்பவர் கையில் விட்டுவிடக் கூடாது. இந்த நிலைப்பாட்டிலிருந்து, இத்துறையில் உள்ள முக்கியக் கேள்விகளை இக்கட்டுரை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறது.

இரண்டு மரபுகள்

வணிகத் தரவுக் கிடங்கு என்ற கருத்தை 1988-இல் பேரி டெவ்லினும் பால் மர்ஃபியும் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் முன்வைத்தார்கள். அடுத்து வந்த பில் இன்மன், தரவுக் கிடங்குக்கு நான்கு இலக்கணங்கள் வகுத்தார். பொருள்வாரியாக அமைந்திருக்க வேண்டும், பல மூலங்களை ஒருங்கிணைக்க வேண்டும், ஏற்றிய தரவு அழியக் கூடாது, காலத்தோடு பிணைந்திருக்க வேண்டும் என்பவை அவை. மையத்தில் சீராகப் பிரிக்கப்பட்ட அட்டவணைகளை வைத்து, துறைவாரித் தேவைகளை அதிலிருந்து வார்ப்பது இன்மன் வழி.

ரால்ஃப் கிம்பால் 1996-இல் வெளியிட்ட நூல் வேறொரு வழியைப் பரப்பியது. நடுவில் அளவீடுகளைத் தாங்கும் ஃபேக்ட் டேபிள், அதைச் சுற்றி யார், எங்கே, எது, எப்போது என்று விவரிக்கும் டைமென்ஷன்கள். நட்சத்திர வடிவம் என்று இன்று எல்லாரும் அறிந்த அமைப்பு இதுதான். இந்த இரு மரபினரும் பல விஷயங்களில் முரண்பட்டாலும் காலத்தின் இடம் பற்றி அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நடைமுறை மென்பொருள் இப்போதைய நிலையைக் காட்டினால் போதும். பழைய மதிப்பை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளலாம். தரவுக் கிடங்கோ கடந்துபோன ஒரு நாளில் நிலைமை என்னவாக இருந்தது என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

தேதிக்கு ஏன் தனி அட்டவணை?

மாதம், ஆண்டு, கிழமை ஆகியவற்றை எந்தத் தரவுத்தளமும் ஒரு ஃபங்ஷனில் பிரித்துக் கொடுத்துவிடும். பிறகு எதற்குத் தனி அட்டவணை என்று புதிதாக வருபவர்கள் கேட்பது நியாயம்தான்.

முதல் காரணம், நிறுவனத்தின் நாள்காட்டி எந்த ஃபங்ஷனுக்கும் தெரியாது. இந்திய நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை நமக்கு நான்காம் காலாண்டு. ஆடித் தள்ளுபடி எந்த நாளில் தொடங்கியது, பள்ளி எப்போது திறந்தது, அரசு விடுமுறை எவை, தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்பவற்றை ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும். ‘தீபாவளிக்கு முன் எத்தனையாவது நாள்’ என்று ஒரு பத்தி இருந்தால் போதும். முதலில் சொன்ன ஜவுளிக்கடை 2023, 2024, 2025 மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்துவிடலாம்.

இரண்டாவது காரணம் பலர் கண்ணில் படாதது. ஃபேக்ட் டேபிளில் நடந்தவைதான் இருக்கும். ஒரு கிளையில் ஒரு நாள் முழுக்க விற்பனையே இல்லையென்றால் அந்த நாளுக்கு அதில் ஒரு வரியும் இராது. அதை மட்டும் வைத்து ஒரு நாள் சராசரி கணக்கிட்டால் வகுக்கும் எண் குறைந்து, சராசரி ஊதிக் காட்டும். எல்லா நாள்களும் விடாமல் உள்ள ஓர் அட்டவணைதான் சும்மா கிடந்த நாள்களையும் கணக்குக்குள் கொண்டுவருகிறது.

இவ்வளவுக்கும் செலவு சொற்பம். இருபது ஆண்டுக்கு 7,305 வரிகள், அவ்வளவுதான். ஐம்பது, அறுபது பத்திகள் வைத்தாலும் இது சின்ன அட்டவணையே.

வாரம் தனிக் கவனம் கேட்கிறது. ஐஎஸ்ஓ 8601 தரப்படி வாரம் திங்களில் தொடங்குகிறது. ஆண்டின் முதல் வியாழக்கிழமையைக் கொண்ட வாரமே முதல் வாரம். அதனால் 2024 டிசம்பர் 30, 2025-ஆம் ஆண்டின் முதல் வாரத்தைச் சேர்ந்தது. 2021 ஜனவரி 1-ஓ 2020-இன் 53-ஆம் வாரத்துக்குள் போய்விடுகிறது. நாள்காட்டி ஆண்டையும் வார எண்ணையும் ஒட்டி ‘2024, வாரம் 1’ என்று எழுதும் அறிக்கை, டிசம்பர் கடைசி விற்பனையை அந்த ஆண்டின் ஜனவரியோடு கூட்டிவிடும். வார எண்ணுக்குத் துணையாக வார ஆண்டு என்று தனிப் பத்தி வைத்தால் இது நேராது. அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் நான்கு, ஐந்து, நான்கு வாரங்களாக ஒரு காலாண்டைப் பிரிக்கும் நாள்காட்டி நடப்பில் உள்ளது. அதில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 53-ஆம் வாரம் முளைக்கும், 2023 அப்படியோர் ஆண்டு. அங்கே உள்ள வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர்கள் இதற்கெனப் பத்திகள் சேர்த்தாக வேண்டும்.

தேதி அட்டவணையை ஒருமுறை நிரப்பிவிட்டு மறந்துவிடலாம் என்பதும் சரியில்லை. ரம்ஜான் பிறை பார்த்து அறிவிக்கப்படுவது. அரசு விடுமுறைப் பட்டியல் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. இடையில் உள்ளூர் விடுமுறைகளும் தேர்தல் நாள்களும் சேர்கின்றன. இந்த அட்டவணைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

சாவி எப்படி இருக்க வேண்டும்?

டைமென்ஷன் சாவிகளுக்குப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, 1, 2, 3 என்று போகும் வெறும் எண்ணாக இருக்கட்டும் என்பது கிம்பால் மரபின் பொது விதி. தேதிக்கு மட்டும் அந்த மரபே விலக்கு அளிக்கிறது. 2025 ஏப்ரல் 5 என்பதற்கு 20250405 என்ற எண்ணைச் சாவியாக வைப்பது இன்று பரவலான பழக்கம். கண்ணால் படிக்கலாம், நாள்வாரியாகப் பார்ட்டிஷன் பிரிக்க வசதி, ஏற்றும்போது தேடிப் பார்க்கும் வேலை மிச்சம். ஆனால் இதில் ஓர் அபாயமும் உண்டு. சாவியே தேதி போலத் தெரிவதால், அறிக்கை எழுதுபவர்கள் தேதி அட்டவணையை இணைக்காமல் அந்த எண்ணிலேயே வடிகட்டத் தொடங்குவார்கள். பாடுபட்டு எழுதிய நிதியாண்டும் விடுமுறையும் பிறகு யாருக்கும் பயன்படாது.

எண்ணுக்குப் பதில் தேதி வகையையே சாவியாக வைக்கலாம் என்பவர்களும் உண்டு. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் தேதி வகை 4 பைட், எஸ்க்யூஎல் சர்வரில் 3 பைட். ஆகவே இட மிச்சம் என்ற பழைய வாதம் இங்கே எடுபடாது. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ரத்தாகாத பயணச்சீட்டுக்கு ரத்து நாள் என்று எதை எழுதுவது? வெற்றாக விட்டால் இணைக்கும்போது அந்த வரியே காணாமல் போகக்கூடும். 9999 டிசம்பர் 31 என்று எழுதினால், யாராவது ஒருநாள் அதையும் சேர்த்து நாள் கணக்குப் போடுவார்கள். ‘இன்னும் நடக்கவில்லை’, ‘பொருந்தாது’, ‘தெரியவில்லை’ என்ற மூன்றுக்கும் தேதி அட்டவணையில் மூன்று சிறப்பு வரிகள் வைத்துக்கொள்வதே நல்ல வழி. மூன்றும் ஒன்றல்ல என்பதையும் அது எல்லாருக்கும் நினைவூட்டும்.

கடிகார நேரம்

நாளையும் நொடியையும் ஒரே அட்டவணையில் வைத்தால் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 31.5 கோடி வரிகள் வரும். பிரித்து வைத்தால் நாளுக்கு 3,650 சொச்சம், நொடிக்கு 86,400. நிமிடம் போதுமென்றால் வெறும் 1,440. ‘அலுவலக நேரம்’, ‘இரவுப் பணி’, ‘தட்கல் நேரம்’ போன்ற பிரிவுகள் தேவைப்படும்போதுதான் இந்த நேர டைமென்ஷனுக்கும் பொருள் உண்டு. இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கிட, முழு நேர முத்திரையை ஃபேக்ட் டேபிளிலேயே தனியே வைக்க வேண்டும்.

நேர மண்டலம் என்ற சிக்கல் இந்தியாவில் கண்ணில் படுவதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே நேரம், கோடைக்கால மாற்றமும் கிடையாது. ஆனால் கிளவுட் சேவைகள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. நேர முத்திரையை மாற்றாமல் அதிலிருந்து தேதியை வெட்டி எடுத்தால், நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்தரை வரை நடந்தவை எல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய்ச் சேரும். ஏப்ரல் 1 அதிகாலை நடந்த விற்பனை போன நிதியாண்டுக்கே போய்விடும்.

இலங்கையின் கணக்கு இன்னும் நுட்பமானது. அங்கே யுடிசியை முந்தும் அளவு 1996 மே மாதம் ஆறரை மணிக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணிக்கும், 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணிக்கும் மாற்றப்பட்டது. அந்த 2006 மாற்றத்தின்போது ஓர் அரைமணி நேரம் கடிகாரத்தில் இரண்டு முறை வந்துபோனது. சமோவா நாடு 2011-இல் உலகத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது டிசம்பர் 30 என்ற நாளே அங்கு விடியவில்லை. யுடிசி நேரம், உள்ளூர் நேரம், உள்ளூர் தேதி மூன்றையும் சேமிக்கச் சொல்வது இதற்காகத்தான். பின்னால் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், அன்றைக்கு நடப்பில் இருந்த விதி நமக்கு நினைவிருக்க வேண்டும்.

ஒரு பயணச்சீட்டின் பல தேதிகள்

ஃபேக்ட் டேபிளின் முதல் கேள்வி, ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பது. இதைக் கிரெயின் என்பார்கள். அதைச் சொல்லாமல் பத்திகளை அடுக்கத் தொடங்கினால் பிறகு எதைச் செய்தாலும் சரியாக வராது. ரயில் முன்பதிவை எடுத்துப் பார்க்கலாம். இது ரயில்வே வைத்திருக்கும் உண்மையான அட்டவணை அமைப்பு அல்ல, விளக்கத்துக்காக வரைந்தது.

திருச்சிக்காரர் ஒருவர் 2025 மார்ச் 20 அன்று நாகர்கோவிலுக்கு முன்பதிவு செய்கிறார். வண்டி ஏப்ரல் 4, வெள்ளி இரவு எட்டரை மணிக்கு எழும்பூரில் புறப்படுகிறது. திருச்சிக்கு அது ஏப்ரல் 5, சனி அதிகாலை ஒன்றரைக்கு வருகிறது. முதலில் காத்திருப்போர் பட்டியலில் இருந்த சீட்டு ஏப்ரல் 2 அன்று உறுதியாகிறது.

‘இது எந்த நாளின் டிக்கெட்?’ என்று கேளுங்கள். பணம் வந்த நாள் மார்ச் 20. அது 2024-25 நிதியாண்டு. பயணம் நடந்ததோ 2025-26 நிதியாண்டில். வண்டியை இயக்குபவருக்கு இது வெள்ளிக்கிழமை வண்டி, பயணிக்கு இது சனிக்கிழமைப் பயணம். திருச்சி நடைமேடையில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று பார்க்கும் நிலைய அதிகாரிக்குச் சனிக்கிழமை வேண்டும். பெட்டி எத்தனை இணைப்பது என்று முடிவு செய்பவருக்கு வெள்ளிக்கிழமை வேண்டும். இருவர் கேள்வியும் சரியே. ஆகவே ஒரு வரியில் முன்பதிவு நாள், உறுதியான நாள், வண்டி புறப்பட்ட நாள், ஏறும் நாள், ரத்து நாள் என்று ஐந்து சாவிகள் தேவைப்படுகின்றன. தேதி அட்டவணை ஒன்றுதான். அது ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு வியூவாகத் தனிப் பெயரில் வருகிறது. எல்லாவற்றுக்கும் ‘தேதி’ என்றே பெயர் வைத்தால் குழப்பம் தப்பாது.

இங்கே யுடிசி பிழையும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைக் கவனியுங்கள். சனி அதிகாலை 1.30 என்பது யுடிசியில் வெள்ளி இரவு 8.00. தவறாக வெட்டிய தேதி ஏப்ரல் 4 என்று வரும். அது வண்டி புறப்பட்ட நாளோடு ஒத்துப்போவதால் சரிபார்ப்பவர் தலையசைத்துவிடுவார். அதே வண்டியில் திருநெல்வேலியில் காலை 6.30-க்கு ஏறுபவருக்கு யுடிசி தேதி ஏப்ரல் 5 என்று வந்துவிடும். ஒரே வண்டியின் பயணிகள் இரண்டு நாளுக்குப் பிரிந்துபோவார்கள். தற்செயலாக ஒத்துவரும் எண்தான் கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழை.

இந்தத் தரவை எத்தனை விதமான ஃபேக்ட் டேபிளாக அமைக்கலாம்? ஒவ்வொரு முன்பதிவும் ஒவ்வொரு ரத்தும் ஒரு வரி என்றால் அது பரிவர்த்தனை வகை. விவரம் மிகுந்தது, வேண்டியபடி கூட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு நாள் இரவும் ஒவ்வொரு வண்டிக்கும் காத்திருப்போர் எத்தனை பேர் என்று படம்பிடித்து வைப்பது பருவ ஸ்னாப்ஷாட். ஒரு சீட்டுக்கு ஒரே வரி வைத்து, உறுதியாகும்போதும் பயணம் முடியும்போதும் அந்த வரியின் தேதிகளை நிரப்பிக்கொண்டே போவது திரள் ஸ்னாப்ஷாட். எத்தனை நாளில் சீட்டு உறுதியாகிறது போன்ற கேள்விக்கு அது ஏற்றது. அளவீடே இல்லாத ஃபேக்ட் டேபிளும் உண்டு. எந்தப் படுக்கை எந்த நாளில் விற்பனைக்கு இருந்தது என்று மட்டும் எழுதிவைத்தால், விற்காமல் போனது எது என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு வகையை வைத்து மற்றதன் வேலையைச் செய்ய முயல்வதைவிட, தேவையான வகைகளைத் தனித்தனியே கட்டி ஒரே தேதி டைமென்ஷனால் இணைப்பதே நல்லது.

விதி மாறிய நாளும் தேதி அட்டவணையில் சேர வேண்டியது. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயணத்துக்கு எத்தனை நாள் முன்னதாக மக்கள் பதிவு செய்கிறார்கள் என்று ஆராய்பவர் இதை அறியாமல் சராசரி எடுத்தால், மக்களின் பழக்கம் திடீரென்று மாறிவிட்டதாக முடிவு கட்டுவார்.

எதைக் கூட்டலாம், எதைக் கூட்டக் கூடாது

கட்டணத்தை எப்படி வேண்டுமானாலும் கூட்டலாம்: வண்டிவாரி, நாள்வாரி, வகுப்புவாரி. காத்திருப்போர் எண்ணிக்கையை ஒரே நாளில் பல வண்டிகளுக்குக் கூட்டலாம். திங்கள் 40, செவ்வாய் 35, புதன் 30 என்பதைக் கூட்டி 105 பேர் என்றால் அப்படி ஒரு கூட்டம் எங்குமே இல்லை. வங்கி இருப்புக்கும் கையிருப்புச் சரக்குக்கும் இதே விதிதான். இத்தகைய அளவீட்டை அறிக்கையில் காட்டும்போது மாதக் கடைசி மதிப்பா, சராசரியா என்பதை வடிவமைப்பாளரே நிர்ணயித்துவிட வேண்டும்.

விகிதத்தைக் கூட்டவும் முடியாது, சராசரி எடுக்கவும் முடியாது. வெள்ளியன்று 800 படுக்கையும் நிரம்பின. செவ்வாயன்று பெட்டிகள் குறைத்து ஓட்டிய வண்டியில் 400 படுக்கையில் 200 நிரம்பின. இரு நாள் விகிதத்தின் சராசரி 75 சதவீதம். உண்மையோ 1,200-இல் 1,000, அதாவது 83 சதவீதத்துக்குச் சற்று மேல். விகிதத்தைச் சேமிக்காமல் அதன் இரண்டு எண்களையும் சேமித்தால் எந்தக் காலத்துக்கும் சரியான விடை வரும்.

தாமதமாக வருபவை, மாறிப்போனவை

நடந்த நாளிலேயே தரவு வந்து சேரும் என்ற நம்பிக்கை எந்தத் தொழிலிலும் நிலைப்பதில்லை. கிளையின் இணைப்பு அறுந்து மூன்று நாள் கழித்து வரும் விற்பனையை, நடந்த நாளுக்குரிய டைமென்ஷன் வரியோடு இணைக்க வேண்டும். இன்றைய வரியோடு இணைத்தால் வரலாறு பிசகிவிடும்.

டைமென்ஷன் வரியின் விவரமே மாறுவதும் உண்டு. தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. தென்காசி நகரத்துக் கடை ஒன்றின் 2018 விற்பனை எந்த மாவட்டத்துக் கணக்கு? இத்தகைய மாற்றத்தைக் கையாள, மாவட்டப் பெயரை அழித்து எழுதுவது முதல் வகை. பழைய விற்பனையும் தென்காசிக்கு வந்துவிடும். செல்லுபடியாகும் தேதிகளுடன் புதிய வரி சேர்ப்பது இரண்டாம் வகை. 2018 விற்பனை திருநெல்வேலியிலேயே நிற்கும். 2018-இல் வெளியான அறிக்கையோடு ஒத்துப்போக இரண்டாவது வேண்டும். தென்காசி மாவட்டத்தின் ஐந்தாண்டு வளர்ச்சியைப் பார்க்க முதலாவது வேண்டும். இரண்டையும் ஒரே அட்டவணையில் தனிப் பத்திகளாக வைத்துக்கொள்ளும் கலப்பு வடிவங்களும் உள்ளன; எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கும் நம் ஊருக்கு அவையே பொருத்தம். செல்லுபடிக் காலத்தை எழுதும்போது தொடக்க நாளைச் சேர்த்தும் முடிவு நாளை விலக்கியும் எழுதினால், இரண்டு வரிகள் ஒரே நாளில் மோதிக்கொள்ளாது.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. மார்ச் மாத விற்பனை என்று ஏப்ரல் 10-இல் சொன்ன எண்ணும், தாமதமாக வந்தவையும் சேர்ந்தபின் ஜூனில் தெரியும் எண்ணும் வேறுபடும். அன்று ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று தணிக்கையாளர் கேட்டால் அன்றைய எண்ணை மறுபடி காட்டத் தெரிய வேண்டும். நிகழ்ந்த காலம், நமக்குத் தெரிந்த காலம் என்ற இரண்டையும் தனித்தனியே காக்கும் இந்த முறையை ரிச்சர்ட் ஸ்னாட்கிராஸ் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக வளர்த்தார்கள். எஸ்க்யூஎல் 2011 தரம் இரு காலங்களுக்கும் இடம் கொடுத்தது. எல்லா அட்டவணைக்கும் இது தேவையில்லை என்றாலும், ஏற்றிய நேரம் என்ற ஒரு பத்தியை எந்த ஃபேக்ட் டேபிளிலும் விடக் கூடாது.

இன்றைய கருவிகளும் பழைய கேள்வியும்

பத்திவாரியாகச் சேமிக்கும் கிளவுட் தரவுத்தளங்கள் வந்தபின், நட்சத்திர வடிவமே தேவையில்லை, எல்லாவற்றையும் ஒரே அகன்ற அட்டவணையில் கொட்டிவிடலாம் என்ற குரல் வலுத்திருக்கிறது. வேகத்தைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. ஆனால் விடுமுறை திருத்தம் வந்தால் 7,305 வரியுள்ள அட்டவணையில் ஒரு வரியை மாற்றுவதற்கும், கோடிக்கணக்கான வரிகளைத் திரும்ப எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த வேகமும் மறைக்காது. பவர் பிஐ போன்ற அறிக்கைக் கருவிகளில் சென்ற ஆண்டு இதே காலம் என்ற வகைக் கணக்குகள் சரியாக வரவேண்டுமானால், இடைவெளி இல்லாத தேதி அட்டவணை இன்றும் வேண்டும். அகன்ற அட்டவணை தேவையென்றால் தேதி டைமென்ஷனிலிருந்து அதை உருவாக்கிக்கொள்ளலாம்; மூலம் ஒரே இடத்தில் இருப்பதுதான் முக்கியம்.

புதிதாகக் கிடங்கு கட்டுபவர்கள் கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கணக்குப் பிரிவையும் விற்பனைப் பிரிவையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு வரி எதைக் குறிக்கிறது, நமக்கு நாள் எப்போது தொடங்குகிறது, வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது, எந்தத் தேதியை வைத்து வருமானத்தைச் சொல்லப்போகிறோம், தாமதமாக வந்ததை எந்த மாதத்தில் சேர்ப்போம் என்பவை அவை. பதில்கள் எளிதில் கிடைக்காது; சில கூட்டங்கள் பிடிக்கும். அந்தக் கூட்டங்கள்தான் வடிவமைப்பின் பெரும்பகுதி. ஓர் எண்ணை வெளியே சொல்லும் நிறுவனம், அது எந்த நாளின் கணக்கு, எந்த நாளில் தெரிந்த கணக்கு என்பதையும் கூடவே சொல்லக் கடமைப்பட்டது. அதைச் சொல்லும் திறன், ஒரு வரி தரவும் ஏறுவதற்கு முன்பே அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.